வலது கையில் மிஞ்சிய கல்

தம்பிக்கு அப்பா எழுதுவது.

கவரின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் பிரிக்கவில்லை. ஒட்டியவன் நான், பிரித்தவனும் நான். ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் வரைக்கும் போய்விட்டேன். அங்கே போனதும், உள்ளே வைத்தது கடிதம்தானா, இல்லை உன் அம்மாவின் ரேஷன் கார்டா என்று ஒரு சந்தேகம். திரும்பி வந்து கிழித்துப் பார்த்தேன். கடிதம்தான். சோற்றுப் பருக்கையை வைத்துத் தேய்த்து மறுபடி ஒட்டினேன். அதுதான் அந்தக் கறை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். வருஷக் கணக்குப் பார்த்தால் பத்தாவது முடித்த மாதிரிதான். அந்தப் படிப்புக்கு இவ்வளவு நீளக் கடிதம் அதிகம். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

பொங்கலுக்கு நான்கு நாள் வந்து இருந்துவிட்டுப் போனாய். அம்மா, "புள்ள இளைச்சுட்டான்" என்றாள். அவள் நீ பிறந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள், அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் பார்த்தது வேறு. வந்த அன்றைக்கே கட்டிலை இழுத்து வாசல் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டாய். காப்பியைக் குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தாய். அம்மாவிடம் மூன்று தடவை, "என்னைப் பத்தி யாராச்சும் வந்து விசாரிச்சாங்களா?" என்று கேட்டாய். நான் என்ன கேட்டாலும், சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, "எதுக்குக் கேக்குறீங்க?" என்றாய். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டினாய், பஸ் கிளம்புவதற்குள் இரண்டு தடவை இடம் மாறினாய். பாடாலூரில் இறங்கி அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாய். யார் சொன்னது என்று இப்போது உனக்கு நெற்றி சுருங்கும். அங்கே பஸ்ஸுக்கு பஸ் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற ஆள், நம் தெருக்காரன், போகிற போக்கில் சொன்னான். "உங்க மவன் டிக்கெட்டு எடுத்தப்புறம் எறங்கி நிக்குதே, வாந்தி கீந்தி வருதா?" என்று கேட்டான். அவன் யாருக்கும் உளவு பார்க்கவில்லை. கூடையில் பாதி விற்காத கவலையில் இருந்தான்.

கோயமுத்தூரில் உன்னை முப்பது பேருக்கு சூப்பர்வைசராகப் போட்டதிலிருந்து உன் கடிதங்கள் சிறுத்துப்போய்விட்டன. கார்த்திகையில் எழுதியிருந்தாய்: "நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இங்கே யாரும் சரியில்லை. நான் நலம்." மூன்று வரி. மூன்றாவது வரியை நான் நம்பவில்லை. சூப்பர்வைசர் வந்தால் பேச்சு நிற்பது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான், அதற்குத்தானே சம்பளம் கூட்டினார்கள் என்று முதலில் சிரித்துக்கொண்டேன். அப்புறம் அதே வரியை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதைச் சொன்னவன் நான்தான், உனக்கு எட்டு வயசாக இருந்தபோது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் நான் பார்த்ததெல்லாம் நிஜமா, இல்லை என் பழைய கோளாறு திரும்பி வந்து உன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று எனக்கு நிச்சயமில்லை. சந்தேகப்படுகிறவனைப் பார்த்துச் சந்தேகப்படுகிற ஆள் எப்படிப்பட்டவன் என்று நீயே சொல். அந்தப் பழைய கதையை உனக்கு யாரும் சொன்னதில்லை. "அப்பாவுக்கு முதுகு வலி" என்று சொல்லி வைத்திருந்தோம். என் முதுகுக்கு இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் கிடையாது.

அப்போது நாம் அரியலூர் பக்கம் குடியிருந்தோம். சுண்ணாம்புக் கல் குவாரியில் எனக்கு வெடி வைக்கிற வேலை. மெஷின் போட்டு வரிசையாகக் குழி துளைத்திருப்பார்கள். மத்தியானத்தில் நானும் கலியபெருமாள் மாமாவும் குழிகளில் மருந்தைக் கெட்டித்து, திரியைக் கத்தரித்து, சிவப்புக் கொடி நட்டு, விசில் அடித்து, ஆட்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, திரிகளைப் பற்றவைத்துக்கொண்டு ஓடி வந்து ஒரு தகர ஷெட்டுக்குப் பின்னால் உட்காருவோம். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால், எங்கேயோ ஒரு குழி வெடிக்காமல் உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். அதனால் எண்ணுவதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. இத்தனை குழி என்றால் அத்தனை சின்னக் கல்லை இரண்டு பேரும் தனித்தனியாக வலது கையில் வைத்துக்கொள்வோம். ஒரு சத்தத்துக்கு ஒரு கல் இடது கைக்குப் போகும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. கடைசியில் போர்மேன் வந்து, "எத்தன?" என்பார். இருவரும் சொல்கிற எண் குழிக் கணக்கோடு ஒத்துப்போனால் கொடியை எடுக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் அரை மணி நேரம் ஒரு ஈ காக்கைகூட உள்ளே போகக் கூடாது. அதற்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போய்த் தேட வேண்டும்.

ஒரு நாள் நான் ஒன்று குறைத்துச் சொன்னேன். லாரிகள் வரிசையாக நின்றன, அரை மணி நேரம் வெயிலில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். போய்ப் பார்த்தால் எல்லாக் குழியும் வெடித்திருந்தது. இரண்டு குழி ஒரே நேரத்தில் வெடித்திருக்கிறது, எனக்கு ஒன்றாகக் கேட்டிருக்கிறது. லாரி டிரைவர் ஒருத்தன், "அண்ணன் காதுல இருக்குற பஞ்ச எடுத்து வுடுங்கப்பா" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததுதான் தப்பு, தம்பி. உள்ளே சுட்டதை வெளியே சிரித்து மூடினால், அது உள்ளேயே இருந்து வேலை பார்க்கிறது.

அடுத்த வாரம் இருபத்திரண்டு குழி. கடைசிச் சத்தம் அடங்கியபோது என் வலது கையில் ஒரு கல் மிச்சம் இருந்தது. நன்றாகத் தெரிந்தது, கட்டை விரலுக்குக் கீழே உருண்டது. போர்மேன் வந்து "எத்தன?" என்றார். கலியபெருமாள் முதலில், "இருபத்தி ரெண்டு" என்றார். எனக்கு லாரிகள் ஞாபகம் வந்தது, பஞ்சு ஞாபகம் வந்தது. நானும் "இருபத்தி ரெண்டு" என்றேன். சொல்லிவிட்டு அந்தக் கல்லைக் காலடியில் நழுவவிட்டேன். கொடியை எடுத்துவிட்டார்கள். கல் பொறுக்கும் பெண்கள் கூடையோடு இறங்கினார்கள். கால் மணி நேரம் கழித்து செல்லம்மா என்கிற பெண், ஏதோ பல்லியைப் பார்த்த மாதிரி, "அண்ணே, இங்க கல்லுக்கடியில ஒரு வாலு தெரியுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். வால் இல்லை அது, திரி. அணைந்துபோன திரி. அவள் கடப்பாறை அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டு, முறைப்படி அதைச் செயலிழக்கச் செய்தோம். போர்மேன் கத்தினார், மறுநாள் டீ நேரத்தில் எல்லாரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கல் விழுந்ததைக் கலியபெருமாள் பார்த்திருப்பாரோ என்கிற ஒரே நினைப்பு. பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லாமல் வைத்திருக்கிறார் என்றால் சமயம் பார்க்கிறார். நான் போனால் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான். வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். சிறுவாச்சூர் கோயிலுக்கு எல்லாரும் கிளம்பிப் பாதி வழியில் பூட்டு ஞாபகம் வந்து, உன் அம்மாவையும் உன்னையும் மாவிளக்குத் தட்டோடு ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? குழம்பை முகர்ந்து பார்ப்பேன். உன் அம்மா ஒரு நாள் கரண்டியை வீசிவிட்டு, "வெஷம் வைக்கிறதுன்னா கல்யாணமான வருஷமே வச்சிருக்க மாட்டனா, இம்புட்டு நாள் சோறாக்கிப் போட்டு எதுக்கு வைக்கணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியையும் நான் சந்தேகப்பட்டேன். இதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

இனிமேல் எழுதுவது சிரிக்கிற விஷயம் இல்லை. கலியபெருமாள் மாமா உனக்குப் பள்ளிக்கூட வாசலில் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். "மாமா என்ன கேட்டாரு? நம்ம வூட்டப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நல்லா படிக்கிறியான்னுதான் கேட்டாரு" என்றாய். நம்பவில்லை. தரையில் சூடத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. நீ அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அணைத்தாய். கையில் கொப்புளம். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீ பேசினாய், கேட்டதற்கு மட்டும். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்று வரைக்கும் நீ எனக்குப் பதில்தான் சொல்கிறாய், எதையும் நீயாகச் சொல்வதில்லை. பரீட்சையில் பாஸாகிற அளவுக்கு ஒரு பதில். "நான் நலம்" என்பது அந்த ரகம். அதை உனக்குப் பழக்கிவிட்டவன் நான். நீ மறந்திருந்தாலும் சரி, மறக்காவிட்டாலும் சரி, அன்றைக்கு நான் செய்தது தப்பு. இதை நேரில் சொல்ல பொங்கல் நான்கு நாளும் வாய் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "சாப்பிட்டியா" என்றுதான் வெளியே வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியலூர் டவுன் பக்கம் கிளம்பினார். போர்மேன் வீடு அங்கேதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்து, என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன். இரண்டு மைல் போயிருப்போம். ஒரு டீக்கடை ஓரமாக அவர் நிறுத்தி, திரும்பாமலே சொன்னார்: "மச்சான், செயினுக்கு எண்ணெய் போடக் கூடாதா? ரெண்டு மைலா கீச்சு கீச்சுன்னு காது வலிக்குது. துண்ட எடு, வேர்க்கப் போவுது."

நான் விடவில்லை. "எங்க போற?" என்றேன்.

"போர்மேன் வூட்டுக்கு."

"என்னப் பத்திப் பேசத்தான?"

"ஆமா, ஒன்னப் பத்திப் பேசத்தான். வா, நீயும் வந்து கேட்டுக்க. ஒளிஞ்சு கேக்குறதுக்கு எம் பக்கத்துல ஒக்காந்து கேக்கலாம்ல, டீயாச்சும் கெடைக்கும்."

கவனி, தம்பி. நான் சந்தேகப்பட்டது சரி. என் முதுகுக்குப் பின்னால் பேசத்தான் செய்தார்கள், ஒரு மாதமாகப் பேசியிருக்கிறார்கள். ஏன் பேசினார்கள் என்பதில்தான் நான் தவறினேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது, இந்த நிலையில் வெடி மருந்து பக்கத்தில் விடக் கூடாது, வேலையும் போகக் கூடாது, என்ன செய்யலாம் என்பதுதான் அவர்கள் பேச்சு. டீக்கடை பெஞ்சில் வைத்து நான் கேட்டுவிட்டேன், "அன்னிக்கு நான் கல்லக் கீழ போட்டத நீ பாத்தியா?" என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன கல்லு?" என்றார். சொன்னேன். டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அப்புறம், "எங் கையிலயும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு மச்சான்" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பறம் எதுக்கு இருபத்தி ரெண்டுன்ன?"

"அதுக்கு முந்துன வாரம் ஒன்னயப் போட்டுச் சிரிச்சாங்கள்ல, அத நெனச்சு நானும் பயந்துட்டேன். ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்னு மனச சமாதானம் பண்ணிக்கிட்டேன். செல்லம்மா கூப்புட்டப்ப எனக்குக் கை காலு ஓடல. அன்னிக்கே வூட்டுக்குப் போயி எம் பொண்டாட்டிக்கிட்ட சொல்லி அழுதுட்டேன். அவ நல்லாத் திட்டுனா. மறுநா போர்மேன்கிட்டயும் சொல்லிட்டேன். அவரும் திட்டுனாரு. திட்டு வாங்குனதும் தூக்கம் வந்துருச்சு."

ஒரே நாள், ஒரே குழி, ஒரே பொய். ஆளுக்கு ஒரு கல். அவர் அன்று சாயங்காலமே வாயைத் திறந்தார், நான் மூன்று மாதம் திறக்கவில்லை. அவருக்குத் தூக்கம் வந்தது, உனக்குக் கொப்புளம் வந்தது. சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று நான் பிரசங்கம் பண்ணவில்லை. எனக்கு அப்போது சொன்ன பிறகும் சரியாகவில்லை. ரொம்ப தூரம் போய்விட்டிருந்தது. போர்மேன், "காதைக் காட்டிட்டு வாய்யா, லீவு நான் பாத்துக்கிறேன்" என்று திருச்சிக்கு அனுப்பினார். காது டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டித் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு. தூக்கம் வருதா?" என்று கேட்டார். "எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். அவர் ஒரு சீட்டு எழுதி, "மாடிக்குப் போங்க" என்றார். மாடியில் எந்த டாக்டர் என்று போர்டில் படித்ததும் வாசலைப் பார்த்துத் திரும்பினேன். ஊரில் தெரிந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள், உன்னைப் பள்ளிக்கூடத்தில் பைத்தியக்காரன் மகன் என்பார்கள். கூட வந்திருந்த கலியபெருமாள்தான், "நீ ஏறு, நான் கீழ பெஞ்சில ஒக்காந்து செருப்பப் பாத்துக்கிறேன்" என்றார். மாடிப்படி ஏறும்போது அவர் என் புதுச் செருப்பை மாற்றி வைத்துவிடுவாரோ என்று திரும்பிப் பார்த்தேன். நிலைமை அப்படி.

மாடி டாக்டர் என்னைக் கட்டிப்போடவில்லை, கரண்ட்டும் வைக்கவில்லை. நிதானமாகக் கேட்டார். "இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு நோவுதான். வேலையில பட்ட பயத்தை உள்ளேயே வச்சிருந்தா சிலருக்கு வரும். ஒரு காரணமும் இல்லாமலும் சிலருக்கு வரும். மாத்திரை சாப்பிடணும், தூங்கணும், மாசம் ஒரு தடவை வந்து பேசணும்" என்றார். அந்த மாத்திரையை முதல் பதினைந்து நாள் நாக்குக்கடியில் ஒதுக்கி, கொல்லை முருங்கை மரத்தடியில் துப்பினேன். அந்த வருஷம் நம் முருங்கை மரம் நிம்மதியாக இருந்தது. உன் அம்மா கண்டுபிடித்து, விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அதன் பிறகுதான் குணமாக ஆரம்பித்தது. எட்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் குவாரியில் உளி தீட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அப்புறம் பழைய வேலைக்கே போனேன், ஓய்வு பெறும் வரைக்கும் கல்லை எண்ணினேன். பயந்துகொண்டேதான் எண்ணினேன். ஆனால் கையில் இருந்ததைச் சொன்னேன்.

உனக்கு குரும்பலூரில் ஒரு பெண் பார்க்க அம்மா ஏற்பாடு செய்திருந்தாள். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்கிறாள். நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். பொண்ணு என்ன மாத்திரையா, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று கொடுக்க. உனக்கு நீயே நல்லபடியாக இருந்து, வேண்டும் என்று தோன்றும்போது பார்ப்போம். உன் கம்பெனியில் அந்த முப்பது பேரும் உண்மையிலேயே ஏதோ பண்ணுகிறார்கள் என்றாலும் இருக்கலாம், நான் அங்கே இல்லை. அப்படியே இருந்தாலும், தூங்காத மூளையை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தனியாக வைத்துக்கொண்டு எண்ணாதே. இரண்டாவது ஆள் ஒருத்தர் வேண்டும்.

கவருக்குள் ஒரு போஸ்ட் கார்டு வைத்திருக்கிறேன். நம் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். போன வாரத்தில் ஏழு ராத்திரி இருந்தது, அதில் எத்தனை ராத்திரி தூங்கினாய். ஒரு எண் மட்டும் எழுதிப் போடு. தபால்காரர் படித்தாலும் ஒன்றும் புரியாது, ஏதோ சீட்டு நம்பர் என்று நினைத்துக்கொள்வார். எனக்குப் பிடித்த எண்ணை எழுதாதே, இருபத்தி ரெண்டு என்று நான் சொன்ன மாதிரி. இந்தத் தடவை சூடமும் இல்லை, சத்தியமும் இல்லை. நீ எழுதுவதை நம்புவேன். கார்டு வரும் வரைக்கும் இங்கே கொடியை எடுக்க மாட்டேன்.

நான்கோ அதற்குக் கீழோ வந்தால், அடுத்து வரும் வியாழக்கிழமை காலையில் நானும் கலியபெருமாள் மாமாவும் கோயமுத்தூரில் இறங்குவோம். அவர் இப்போதே பையை எடுத்துத் தட்டி வைத்துவிட்டார். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால், கோளாறு எனக்குத்தான் திரும்பியிருக்கிறது. அப்போது நீ ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு திருச்சிக்கு வா. எதுவானாலும் நம் இரண்டு பேரில் ஒருத்தர் மாடி ஏறியாக வேண்டும். இன்னொருத்தர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா